பன்னிரண்டு நாற்காலியும் ஒரு மாதச் சம்பளமும்

பாளையங்கோட்டை மகாராஜநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கோ-வொர்க்கிங் இடம் ஒன்று, அதாவது யார் வேண்டுமானாலும் சீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கள் வேலையைப் பார்க்கும் பொது ஆபீஸ், நடத்துகிறேன். எனக்கு முழுநேர வேலை வேறு இருக்கிறது. பெங்களூர் கம்பெனி, லண்டன் கிளையன்ட், மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை ஷிப்ட், வீட்டிலிருந்தே. காலை நேரம் சும்மா கிடந்ததால்தான் இந்த எண்ணமே வந்தது. வேலையை விடாமல் நீங்களும் இப்படி ஒன்று தொடங்க நினைத்து, உங்கள் ஷிப்ட் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது என்றால், காலையில் கதவைத் திறக்க வேறு ஆள் பார்த்த பிறகு மேலே படியுங்கள்.

முதல் வேலை, உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத் தேடி எடுப்பது. வெளியே வேறு தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். 2022-இல் போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்தார்கள் என்று விப்ரோ 300 பேரை வேலையிலிருந்து அனுப்பியது நினைவிருக்கலாம். நாற்காலி வாடகைக்கு விடுவது அந்த ரகம் இல்லைதான். ஆனாலும் நாம் சொன்னால் போதாது, அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். எச்.ஆருக்கு நான்கு வரி மெயில் போட்டேன். பதினோரு நாள் கழித்து, ஷிப்ட் நேரத்தில் தொடக் கூடாது, ஆபீஸ் லேப்டாப்பைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார்கள். "மனைவி பெயரில் போட்டுவிடு" என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். உங்கள் பணத்தைக் கொடுத்து அவர் பெயரில் தொடங்கினால், அந்தப் பணத்துக்கான வருமானம் வரிக் கணக்கில் உங்கள் தலையிலேயே வந்து சேரும்.

அப்புறம் இடம். ஒப்பந்தத்தில் இரண்டைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். உள்வாடகை விட உரிமையாளரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். நான் "ஆபீஸ்" என்று மட்டும் சொல்லி எடுத்தேன். பத்தாம் நாள் வீட்டுக்கார அண்ணாச்சி மாடிப்படியில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, "ஆபீசுன்னுலா சொன்னீரு, இங்க சத்திரம்லா நடக்கு!" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதி, வாடகையை ஆயிரம் ஏற்றி, 14,000-இல் வந்து நின்றோம். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஆயிரம் மிஞ்சியிருக்கும். மாடி முன்பு குடியிருப்பாக இருந்தது என்றால் மீட்டரும் வீட்டு இணைப்பாகத்தான் இருக்கும். அதை வணிக இணைப்பாக மாற்றிய பிறகே பெயர்ப்பலகை மாட்டுங்கள்.

இனி கரண்ட். நம் ஊரில் இந்தத் தொழிலின் உயிரே அதுதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பதுக்குப் போனால் மதியம் இரண்டுக்குத்தான் வரும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அத்தனை பேரும் அன்றைக்கு இடம் தேடி அலைவார்கள். என் நிரந்தர வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்படி ஒருநாள் கட்டணம் 300 கொடுத்து முதலில் வந்தவர்கள். ஆனால் என் முதல் ஷட்டவுனில் பன்னிரண்டு மணிக்கே இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்துவிட்டது. கணக்கைப் பிறகுதான் போட்டேன். லேப்டாப் ஒன்றுக்கு 50 வாட் என்றால் பன்னிரண்டுக்கு 600. குறைந்த வாட் ஃபேன் நான்கு, விளக்கு, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 200. ஆக 800 வாட். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள 12 வோல்ட் பேட்டரி இரண்டில் காகிதத்தில் 3,600 வாட்-மணி இருக்கும், கைக்குக் கிடைப்பது சுமார் 2,400. மூன்று மணி நேரம், அவ்வளவுதான். இன்னொரு ஜோடி பேட்டரியும் அதற்கென்று தனி இன்வெர்ட்டரும் வாங்கிய பிறகே நிம்மதி. ஏ.சி.யை இதில் கோர்க்க நினைக்காதீர்கள்.

இன்டர்நெட்டுக்கு இரண்டு கம்பெனி வைத்தால் போதும் என்று நானும் நினைத்தேன். ஒருநாள் வைக்கோல் லாரி ஒன்று தெருமுனைக் கம்பத்திலிருந்து இரண்டு கேபிளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பெனி எது என்பதோடு, கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்றும் கேளுங்கள். இப்போது ஒன்று முன்வாசல் வழி, இன்னொன்று பின்சந்து வழி.

மேசை, நாற்காலிக்கு நிறைய யோசிக்க வேண்டாம். மூடிய ஆபீஸ்களின் பழைய நாற்காலி ஒன்று 2,200-க்குக் கிடைத்தது. மீட்டிங் அறை வைக்கவில்லை. பழைய சாமான் அறையில் சுவரெங்கும் இலவம்பஞ்சு மெத்தையை அடித்து, ஒரு ஸ்டூல் போட்டு, போன் பேசும் இடமாக்கினேன். பார்க்கச் சகிக்காது. ஆனால் அதற்குத்தான் கியூ.

ஆரம்பச் செலவு, முன்பணம் 42,000 உட்பட, இரண்டரை லட்சம். பிற்பாடு வந்த பேட்டரி இதில் சேராது. மாதச் செலவு வாடகை 14,000, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு 11,000, கரண்ட் 5,000, நெட் 2,200, துப்புரவு, தண்ணீர் கேன், டீ எல்லாம் 3,800. மொத்தம் 36,000. ஒரு சீட் மாதம் 4,000. ஒன்பதாவது சீட் நிரம்பும்வரை நான் ஊருக்கு உபகாரம்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த ஏழு மாதமும் சம்பளத்திலிருந்து போட்டது எவ்வளவு என்று தனி வங்கிக் கணக்கு வைத்திருந்ததால்தான் தெரிந்தது. கலந்துவிட்டால் லாபமா நட்டமா என்று கடவுளுக்கே தெரியாது.

அக்காவின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஷிப்ட் நடுவே "அண்ணே, வைஃபை பாஸ்வேர்ட்?" என்று போன் வந்தால் வேலையும் கெடும், இடமும் கெடும். பாஸ்வேர்ட், பிளம்பர் நம்பர், எலக்ட்ரீசியன் நம்பர் எல்லாம் அட்டையில் எழுதி அவர் மேசையில் ஒட்டியிருக்கிறது. மதியம் ஒன்றரைக்குப் பிறகு எனக்குப் போன் போட வேண்டியது தீ, தண்ணீர் இரண்டுக்கு மட்டும் என்று பேச்சு.

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பெரிய கம்பெனிகள் ஜி.எஸ்.டி. பில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள், போகட்டும். வருமான வரிக்குச் சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்.-1 படிவம் இனி ஆகாது. தொழில் வருமானம் வந்துவிட்டால் பழைய வரிமுறை, புது வரிமுறை என்று வருடா வருடம் மாறவும் முடியாது. ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வரும் வியாழக்கிழமை எங்கள் பக்கம் ஷட்டவுன். காலியாக இருப்பது மூன்று சீட், கேட்டிருப்பவர்கள் எட்டுப் பேர். அண்ணாச்சியிடம் பிளாஸ்டிக் நாற்காலி ஐந்து கேட்டிருக்கிறேன். வாடகை உண்டா என்று கேட்கிறார்.