தொலைதூர வேட்டைக்கு ரைஃபிள் ஸ்கோப் தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துச் சமவெளிகளில் பிராங்ஹார்ன் என்னும் மானினத்தை நெருங்குவது எளிதன்று. முழங்கால் உயரப் புதர்களைத் தவிர மறைந்து நிற்க அங்கே ஒன்றுமில்லை. அந்த விலங்கின் பார்வையும் மிகக் கூர்மையானது. தமிழ்நாட்டுக் காட்டில் மரநிழலில் காத்திருந்த பழைய வேட்டைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த வெட்டவெளி வேறோர் உலகமாகத் தோன்றும். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டதால், இக்கட்டுரை உரிமம் பெற்று வேட்டையாட இடமளிக்கும் அமெரிக்க மேற்கு மாநிலங்களையே மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.) இத்தகைய நிலத்தில் 300 கஜத்துக்கு அப்பால் சுட வேண்டிய நிலை அடிக்கடி நேர்கிறது, துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் உள்ள குறை வெளிப்படத் தொடங்குவதும் அந்தத் தூரத்தில்தான்.

கடையில் ஸ்கோப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதே. என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. குறிப்புள்ளியை நகர்த்தும் குமிழைத் திருப்பினால், அந்தப் புள்ளி சொன்ன அளவுக்குச் சரியாக நகர்கிறதா, திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்தில் அச்சுப் பிசகாமல் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி. காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 6.5 கிரீட்மூர் என்பது மேற்கு மாநிலங்களில் இன்று பரவலாகப் புழங்கும் தோட்டா வகை. வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் 143 கிரெய்ன் எடையுள்ள குண்டு, 200 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படுமாறு சரிபார்த்த துப்பாக்கியிலிருந்து 500 கஜம் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 44 அங்குலம் கீழே இறங்கியிருக்கும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் உயரம் பத்து அங்குலத்தை ஒட்டியது. கண் மதிப்பில் மேலே தூக்கிச் சுட்டு இந்த வேறுபாட்டை ஈடுகட்டுவது சூதாட்டம். அளந்து திருப்பத்தான் வேண்டும். அந்த அளவு பொய்க்கக் கூடாது.

அளவுமுறை இரண்டு உண்டு. எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம். மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு; 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 100 கஜத்தில் 3.6 அங்குலம். மேற்சொன்ன 44 அங்குலத்தை எம்.ஓ.ஏ. குமிழில் 8.4 என்றும், மில் குமிழில் 2.4 என்றும் திருப்ப வேண்டும். குமிழ் ஒரு படி திரும்புவதே கிளிக்; கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒவ்வொன்றும் 500 கஜத்தில் 1.3 அங்குலமும், பத்தில் ஒரு மில் கிளிக் 1.8 அங்குலமும் நகர்த்தும். வேட்டைக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. இரண்டில் எது சிறந்தது என்ற வாதத்தில் நேரம் செலவிடாமல், உடன் வரும் தோழர் எந்த மொழியில் பேசுகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குமிழும், ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிகிளும் ஒரே அளவுமுறையில் இருக்க வேண்டும்; ரெட்டிகிளில் மில்லும் குமிழில் எம்.ஓ.ஏ.வுமாக வரும் மலிவான ஸ்கோப்புகளைத் தொடவே வேண்டாம்.

ஸ்கோப்புக்குள் உருவம் குவியும் இரண்டு இடங்களில், அதாவது குவியத் தளங்களில், ரெட்டிகிள் எதில் அமைந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி; தொலைதூரத்தில் பலர் தவறுவது இங்கேதான். முதல் குவியத் தளத்தில் இருந்தால், உருவத்தைப் பெரிதாக்கும்போது ரெட்டிகிளும் உடன் பெரிதாகும். ஆகவே அதிலுள்ள கோடுகளின் அளவு எல்லா மடங்கிலும் மெய்யாக இருக்கும். இரண்டாம் குவியத் தளத்தில் ரெட்டிகிள் எப்போதும் ஒரே பருமனில் தெரியும். ஆனால் அதன் கோடுகள் ஒரே ஒரு மடங்கில், பெரும்பாலும் உச்ச மடங்கில், மட்டுமே உண்மை பேசும். 4 முதல் 16 மடங்கு வரை செல்லும் அத்தகைய ஸ்கோப்பை 8 மடங்கில் வைத்துவிட்டு 2.4 மில் கோட்டால் குறி பார்த்தால், உண்மையில் பிடித்திருப்பது 4.8 மில். 500 கஜத்தில் குண்டு மானின் முதுகுக்கு மேலே ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் பறந்துபோகும். பதற்றத்தில் மடங்கு வளையத்தைப் பார்க்க மறப்பது மனித இயல்பு. அதனால் காற்று தள்ளுவதை ஈடுகட்டக் குமிழைத் திருப்பாமல் ரெட்டிகிள் கோட்டாலேயே குறிபார்த்துச் சுடப் போகிறவருக்கு முதல் குவியத் தளமே பாதுகாப்பு என்பேன். அதற்கும் ஒரு குறை உண்டு: தாழ்ந்த மடங்கில் ரெட்டிகிள் சிலந்தி இழைபோல மெலிந்து, விடியற்காலைக் காட்டு நிழலில் மறைந்துபோகும். ஆகவே ஒளிரும் மையப்புள்ளி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. குமிழைத் திருப்பி மட்டுமே சுடுவேன், கோட்டை நம்ப மாட்டேன் என்பவருக்கு இரண்டாம் தளமும் போதும்.

காற்றைப் பற்றி இங்கே ஒரு சொல். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, மேற்சொன்ன குண்டை 500 கஜத்தில் ஓரடிக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும். தூரத்தை லேசர் கருவி அளந்து சொல்லும். காற்றை எந்த ஸ்கோப்பும் சொல்லாது. எனவே பக்கவாட்டில் தெளிவான அளவுக்கோடுகள் உள்ள, ஆனால் கிறிஸ்துமஸ் மரம்போல நெரிசலாகாத ரெட்டிகிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி ஒளி. மேற்கு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து மறைவுக்கு அரைமணி பின்வரை வேட்டை அனுமதிக்கப்படுகிறது. விலங்குகள் அதிகம் நடமாடுவதும் அந்த மங்கல் வேளையில்தான். முன்வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் பருமன் கிடைக்கும். 44 மி.மீ. வில்லை 8 மடங்கில் 5.5 மி.மீ. தரும், 15 மடங்கில் 3 மி.மீ. கூடத் தராது. இளையவரின் கண்மணி இருளில் 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஆகையால் அந்தி மங்கினால் மடங்கைக் குறைக்க வேண்டும்; அதற்காக 56 மி.மீ. வில்லையைத் தேடி அலைவது வீண். பெரிய வில்லை வந்தால் ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த நேரும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாமல் தொங்கும். பூச்சும் முக்கியம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒளி எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சை 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா உருவாக்கினார். இன்று எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு கொண்டதா என்று கேட்டால் போதும். விளம்பரத்தில் அச்சிடும் ஒளி ஊடுருவல் சதவீதங்களை நம்பாமல், மாலை மங்கும் நேரத்தில் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று தெருக்கோடி நிழலைப் பார்ப்பதே சரியான சோதனை.

மடங்குக்கு வருவோம். 10 மடங்கில் 500 கஜத்து மான் 50 கஜத்தில் நிற்பதுபோலத் தெரியும்; அதற்கு மேல் என்ன வேண்டும்? 3 முதல் 15, அல்லது 4 முதல் 16 மடங்கு தாராளம். 25 மடங்கில் நண்பகல் வெப்பத்தில் எழும் கானல் அலைகள் உருவத்தைக் குழப்பும்; பார்வைப் பரப்பு குறுகி, சுட்டபின் உதைப்பில் விலங்கு எங்கே போயிற்று என்றே தெரியாமல் போகும். குழாயின் விட்டத்திலும் இதே நிதானம் தேவை. 34 மி.மீ. குழாய் அதிக ஒளி தரும் என்பது பரவலான தவறு. அது தருவது பெரும்பாலும் குமிழின் நகர்வெல்லை, அதாவது குறியை எவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்பது. 500 கஜத்துக்கு 8.4 எம்.ஓ.ஏ. மட்டுமே தேவைப்படுகிறவருக்கு 30 மி.மீ. போதும். எடை வேறு இருக்கிறது: மலையேறி எல்க் என்னும் பெரிய மானைத் தேடுகிறவரின் தோளில் ஒவ்வொரு அவுன்ஸும் கணக்கு.

இடமாறு தோற்றப் பிழையைத் திருத்தும் பக்கக் குமிழ் 300 கஜத்துக்கு அப்பால் கட்டாயம். இல்லையேல் ஸ்கோப்பின் நடுவிலிருந்து கண் சற்று விலகினாலும் குறி இலக்கைவிட்டு விலகித் தெரியும்; அதுவே அந்தப் பிழை. குமிழைச் சுற்றிச் சுற்றி எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்று மறப்போருக்குத் தொடக்கப் புள்ளியில் நின்றுவிடும் தடுப்பு உதவும். உதைப்பு பலமான துப்பாக்கிக்குக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். இல்லாதவர் புருவத்தில் பிறைவடிவத் தழும்புடன் திரும்புவார்.

வாங்குமுன் மாநில விதிகளைப் படிக்க வேண்டும். ஐடஹோவில் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ மின்னணுக் கருவி பொருத்துவதை விதி தடுக்கிறது. ஒளிரும் ரெட்டிகிளுக்கு விலக்கு உண்டு. ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்து 16 பவுண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியும் கூடாது. தூரத்தைத் தானே அளந்து குறியிடும் விலையுயர்ந்த ஸ்கோப்பை வாங்கிவிட்டு அங்கே போனால் கைபிசைய வேண்டியதுதான். விதிகள் மாறக்கூடியவை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் புதிய கையேட்டையே பார்க்க வேண்டும்.

வாங்கியபின் நம்பிவிடாமல் சோதிக்க வேண்டும். நாடா கொண்டு துல்லியமாக அளந்த 100 கஜத்தில் உயரமான தாளை நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேர்க்கோடு வரைய வேண்டும். கோட்டின் அடியில் மூன்று குண்டுகள் சுட்டபின், குமிழை 30 எம்.ஓ.ஏ. மேலே திருப்பி, அதே அடிப்புள்ளியைக் குறிவைத்து மீண்டும் சுட வேண்டும். புதிய துளைகள் 31.4 அங்குலம் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். 29.8 அங்குலம்தான் என்றால் ஐந்து சதவீதப் பிழை. அதைக் கணக்கில் சேர்க்கலாம், அல்லது கடைக்குத் திருப்பலாம். உயரம் சரியாக இருந்து கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் விலகினால், குற்றம் பெரும்பாலும் ஸ்கோப்பைச் சாய்வாகப் பொருத்தியவருடையது. குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தபின் குண்டுகள் முதல் துளைகளின் மேலேயே விழாவிட்டால், அந்த ஸ்கோப்பை எந்த விலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனையும் தேறிய ஸ்கோப்பும், விமானத்திலும் மலைப்பாதை வண்டியிலும் குலுங்கி முகாமுக்கு வந்துசேரும். வேட்டைக்கு முந்தைய மாலை அங்கேயே மூன்று குண்டுகள் சுட்டு, 200 கஜத்து நிலை மாறவில்லை என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஊரைவிட உயரமான இடமாயின் காற்றின் அடர்த்தி குறைந்து தொலைவில் குண்டு இறங்கும் அளவும் குறையும் என்பதால், குமிழ்க் கணக்கையும் அந்த உயரத்துக்கு மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும்.