ஐ.நா. வேலையில் பக்கச்சார்பு நுழையும் இடங்கள்: இலங்கையின் வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காணியும் ஊர்ப்பெயரும் பிணக்காக இருக்கும் இடத்தில் ஐ.நா. பணியாளர் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்வது குறைவு. அறிக்கையில் போடும் ஒரு சொல்லே அவரைச் சாய்த்துவிடும்.

ஒரே இடத்தை மணலாறு என்று தமிழ்ப் பெயரில் எழுதினால் ஒரு பக்கம், வெலிஓயா என்று சிங்களப் பெயரில் எழுதினால் மறு பக்கம் என்றுதான் முல்லைத்தீவுச் சனம் எடுத்துக்கொள்ளும். பிரதேச செயலகப் பிரிவின் பதிவுப் பெயரை எழுதி, மற்றப் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் உரிமை கோரும் போக்லண்ட் தீவுகளோடு மல்வினாஸ் என்ற பெயரையும் ஐ.நா. எழுதுவது இதற்காகத்தான். ஐ.நா.வின் காஷ்மீர் வரைபடத்தில் கட்டுப்பாட்டுக் கோடு புள்ளிக்கோடாக இருக்கும். இறுதி நிலை இன்னும் இணங்கப்படவில்லை என்ற குறிப்பும் கீழே இருக்கும். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஒட்டாதீர்கள்.

இராணுவம் இருக்கும் காணிக்கு மக்கள் உரிமை கோரும் கேப்பாப்பிலவு போன்ற இடங்களைப் பற்றி எழுதும்போது ‘இராணுவக் காணி’ என்ற சொல் கைதவறி விழும். அது உரிமையையே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ‘இராணுவம் நிலைகொண்டுள்ள காணி’ என்று எழுதுங்கள். காணி உறுதியோ (உரிமைப் பத்திரம்) அரச பெர்மிட்டோ யாரிடம் இருக்கிறது, எப்போதிருந்து என்பதைத் தனி வரியில் சொல்லுங்கள்.

ஆகப் பெரிய தவறு எண்களில் நடக்கிறது. இரு தரப்பும் சொல்லும் தொகையைக் கூட்டி இரண்டால் வகுப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு தரப்பின் எண் பிழையென்றால் சராசரியும் பிழைதான். போரின் இறுதிக் கட்டமான 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் சுமார் 70,000 பேரே இருப்பதாக அரசு சொன்னது. பின்னர் முகாம்களுக்கு வந்தவர்கள் 2,80,000க்கும் மேல். அரிசியும் மருந்தும் அறிக்கையிலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் அனுப்பப்படும். எப்படி எண்ணினீர்கள் என்பதை எழுதி, கிடைத்த தொகையை அப்படியே வையுங்கள். யாருக்கும் நோகக்கூடாது என்று கணக்கை வெளியிடாமல் வைத்திருப்பதும் ஒரு பக்கம் சாய்வதே. அந்தப் போரில் இறந்தோர் கணக்கு விடயத்தில் அந்தத் தயக்கத்தைச் சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா. உள்ளக மீளாய்வு 2012இல் கடுமையாகக் கண்டித்தது.

விழாவில் அரச அதிகாரி பொன்னாடையோடு வந்தால்? அரசிடமிருந்து பரிசோ கௌரவமோ பெறக்கூடாது என்கிறது ஐ.நா. பணியாளர் ஒழுங்குவிதி 1.2. எதிர்பாராமல் வந்து, மறுத்தால் நிறுவனத்துக்குச் சங்கடம் என்றால், நிறுவனத்தின் பெயரில் வாங்கி, அறிவித்து, ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

‘அந்தப் பந்தியை எடுத்துவிடுங்கோ’ என்று தொலைபேசி வந்தால், மரியாதையாக மறுக்கலாம். ஐ.நா. பட்டயத்தின் உறுப்புரை 100 பணியாளரை மட்டுமல்ல, செல்வாக்குச் செலுத்தக்கூடாதென்று அரசுகளையும் கட்டுகிறது. திகதி, நேரம், கேட்டவர் பதவி மூன்றையும் குறித்து, அன்றைக்கே மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.