அறிவியல் புனைகதைக்கு அட்டை வரைய: விண்கலத்தைக் கடைசியில் வையுங்கள்

அறிவியல் புனைகதை அட்டை என்றதும் எல்லோருடைய கையும் விண்கலத்துக்குத்தான் போகிறது. நான் அதைக் கடைசியில்தான் வரைவேன். அந்த உலகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நடுவில் காற்று இருக்கிறதா என்ற இரண்டும் முடிவாகாமல் தூரிகையைத் தொடமாட்டேன்.

அதற்கு முதலில் கதையை முழுக்கப் படிக்க வேண்டும். பதிப்பாளர் கதைச்சுருக்கம் மட்டும் அனுப்பினால், கைப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இடம், பொழுது, உடை, உடம்பு பற்றி எழுத்தாளர் சொல்லும் வரிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கதாநாயகிக்கு ஒரு கை இல்லை என்று கதையில் இருக்க, அட்டையில் இரண்டு கையோடு அவள் நின்றால் வாசகருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. கதையின் முடிவை மட்டும் அட்டையில் காட்டிவிடாதீர்கள்.

அப்புறம் வானம். கதை நிலவில் நடந்தால் பகலிலும் வானம் கருப்புதான். காற்று இல்லாததால் தூரத்து மலையும் பக்கத்துப் பாறையும் ஒரே தெளிவாகத் தெரியும். தூரத்தைக் காட்ட நாம் வழக்கமாக நீலம் கலந்து வெளிறவைப்போமே, அந்த உத்தி அங்கே செல்லாது. ஒரு சின்ன மனித உருவத்தையும், பின்னால் சிறுத்துக்கொண்டே போகும் காலடித் தடங்களையும் வைத்துத்தான் பரப்பைக் காட்ட முடியும். அந்த வானத்தில் பூமி, நமக்கு நிலவு தெரிவதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அகலமாக இருக்கும். செவ்வாயில் பகல் வானம் தூசியால் மஞ்சள் கலந்த பழுப்பு; மறைகிற சூரியனைச் சுற்றி மட்டும் நீலம். செவ்வாய்க் கதை என்றாலே எல்லாவற்றையும் சிவப்பில் முக்கி எடுப்பவர்கள் இந்த அழகான நீலத்தை இழக்கிறார்கள்.

செஸ்லி போன்ஸ்டெல்லின் ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள். கட்டடக்கலை பயின்று, ஹாலிவுட் படங்களுக்குப் பின்னணி வரைந்தவர் அவர். சனிக்கோளின் நிலவான டைட்டனிலிருந்து சனியைப் பார்ப்பதாக அவர் வரைந்த படம் 1944இல் லைஃப் இதழில் வந்தது. அதில் வானம் நீலம். 2005இல் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியபோது தெரிந்ததோ ஆரஞ்சு மங்கல். அதனால் எனக்கு அந்தப் படத்தின் மேல் மதிப்பு குறையவில்லை. அன்றைக்குத் தெரிந்த வானியலை வைத்து நேர்மையாக வரைந்தார். நமக்கு இன்று தெரிவதை வைத்து நாம் வரைய வேண்டும். மனதுக்குள்ளேயே நடக்கிற கதைகளுக்கு இந்த வழி ஒத்துவராது. அதற்கு 1950களில் ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்த, பெயர் சொல்ல முடியாத உருவங்கள் மிதக்கும் அட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

இனி அஞ்சல்தலை அளவில் நிறைய மாதிரிகள் போடுங்கள். கருப்பு, சாம்பல், வெள்ளை மூன்றும் போதும். அந்த அளவில் புரியாத படம் இணையக் கடையிலும் புரியாது. தலைப்புக்கும் எழுத்தாளர் பெயருக்கும் இடம் விட்டே மாதிரி போட வேண்டும். முடித்த படத்தின் மேல் எழுத்தை ஏற்றினால் யாராவது ஒருவர் தலை போய்விடும்.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (தாளை வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்), புத்தக முதுகின் அகலம் பதிப்பாளரிடம் கேட்டு. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே என்கிற நான்கு மை அச்சில் மங்கிவிடும் என்பதால் ஆரம்பத்திலேயே மாற்றிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் நீங்கள் கொடுப்பது அந்தப் பதிப்புக்கு அச்சிடும் உரிமையை மட்டும்தான் என்று எழுதி வாங்குங்கள். மூல ஓவியம் உங்களுடையது. மொழிபெயர்ப்புப் பதிப்புக்கும் சுவரொட்டிக்கும் தனிக் கட்டணம். பாதியில் வேலையை நிறுத்தினால் எவ்வளவு தருவார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிற இளம் ஓவியர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னும் வேலையே கிடைக்கவில்லையா? காப்புரிமை முடிந்த கதைகளுக்கு, யாரும் கேட்காமலே, தலைப்பு எழுத்தோடு முழு அட்டையாக வரைந்து அனுப்புங்கள். தனி ஓவியங்களை அடுக்கி அனுப்புவதைவிட, கதை படித்து அட்டை போடத் தெரிந்தவர் என்று பதிப்பாளருக்குக் காட்ட அதுதான் நல்ல வழி.