பழைய கேமரா மீட்டருக்குக் காது மெஷின் பேட்டரி

கேனனெட் க்யூஎல்17, ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101 போன்ற பழைய ஃபிலிம் கேமராக்களில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்குக் காது மெஷின் கடையில் கிடைக்கும் 675 பேட்டரியை வாங்கிப் போடுங்கள். நீல நிற ஒட்டுத்தாள் இருக்கும். அதை உரித்து 5 நிமிடம் காற்றில் வைத்த பிறகு போட வேண்டும்.

இந்தக் கேமராக்கள் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்தவை. அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருட்டடிக்கும். 675 தருவது 1.4 வோல்ட், கடைசிவரை அதிகம் இறங்காது. குறுக்களவு பழைய மெர்குரி பேட்டரியைவிட 4 மி.மீ. குறைவு என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போடுங்கள் (பக்கவாட்டில் மின்தொடர்பு எடுக்கும் கேமராவென்றால் ரப்பர் ஆகாது, வெறும் செம்புக் கம்பி வளையம்தான்). உயரம் பற்றாவிட்டால் மைனஸ் பக்கம் அலுமினியத் தாளை மடித்து வைக்கலாம்.

உரித்த பேட்டரி, பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களில் காய்ந்துவிடும். மதுரை வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கப் போகிறவர்கள் அன்று காலையில் புதிதாக உரிப்பது நல்லது.

ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்குப் பேட்டரியே வேண்டாம். யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு 5.6 வோல்ட் தேவை, இது உதவாது.