வீடு வாங்குவதற்கு முன் ஒரு லெவல் டியூப் வாங்குங்கள்: வெள்ள அபாயத்தை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

வீடு பார்க்க நாம் எப்போதுமே நல்ல வெயிலில்தான் போகிறோம். தரகர் வரச் சொல்வதும் அப்போதுதான். பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து முப்பது வருஷக் கதையையும் துருவச் சொல்கிறோம், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கிறோம், சுவரைத் தட்டிப் பார்க்கிறோம். ஆனால் வாசற்படி ரோட்டைவிட எத்தனை அங்குலம் உயரம் என்று யாராவது கேட்டால் முழிக்கிறோம். நானும் முழித்த ஆள்தான். அப்புறம் கற்றுக்கொண்டதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், பொறியியல் படிப்பு எதுவும் தேவையில்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். "ஆறு மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நமக்கு என்ன?" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வசனம். ஆறு கரை மீறி வருவது வெள்ளத்தில் ஒரு வகை மட்டும்தான். பெய்த மழை வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கும், கழிவுநீர்க் குழாய் நிரம்பி எதிர்த்து ஏறும், கடலோரத்தில் புயலோடு கடல் உள்ளே வரும், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து தரை வழியே ஊறும். ஆற்றையே பார்க்காத தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது இப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி லிட்டர். மண் உறிஞ்சாமல், கால்வாயும் அடைத்துக்கொண்டு, அது அத்தனையும் அந்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு பள்ளத்துக்கு இறங்கினால் அங்கே 1 மீட்டர் ஆழம். அந்தப் பத்தில் ஒரு பங்கில் உங்கள் வீடு இருக்கிறதா, வந்த தண்ணீர் வெளியே போக வழி இருக்கிறதா, இந்த இரண்டைத்தான் தேடப் போகிறோம்.

படி 1: உட்கார்ந்த இடத்திலேயே மேடு பள்ளம் பார்ப்பது

கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இலவசமாகக் கிடைக்கிறது. வீடு இருக்கும் இடத்தில் மவுஸை வைத்தால் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கீழே ஓரத்தில் காட்டும். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அளவுகோல் கருவியால் வீட்டிலிருந்து பக்கத்து ஓடை வரை ஒரு பாதை வரைந்து சேமியுங்கள், அதன் மேல் வலது சொடுக்குப் போட்டு உயர வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மலைபோல் ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். நான்கு திசைக்கும் இப்படி நான்கு கோடு போட்டுப் பாருங்கள். நாலு பக்கத்திலிருந்தும் கோடு உங்கள் வீட்டை நோக்கி இறங்கினால் நீங்கள் கிண்ணத்தின் அடியில் இருக்கிறீர்கள்.

ஆனால் இதை ஒரேயடியாக நம்பிவிடக் கூடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தகவலில் நிறைய, 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ராடாரில் அளந்ததிலிருந்து வந்தது. ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். அந்த ராடார் மர உச்சியையும் கூரையையும் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கும், சில மீட்டர் பிழை சர்வ சாதாரணம். பத்து மீட்டர் வித்தியாசம் காட்டினால் நம்புங்கள், இரண்டு மீட்டர் என்றால் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

படி 2: அங்கே முன்பு என்ன இருந்தது?

அதே கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் தள்ளுங்கள், முக்கியமாக மழைக்காலத்தை அடுத்த மாதங்களில் எடுத்த படங்களைப் பாருங்கள். வெறும் மனையில் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக ஒரு திட்டு, சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஒரு பட்டை மட்டும் பச்சை, இதெல்லாம் ஈரம் தங்கும் இடத்தின் அடையாளம். நேர்கோட்டில் வெட்டிய மனைகளுக்கு நடுவே ஒரே ஒரு எல்லை மட்டும் பாம்புபோல் வளைந்து போனால் அங்கே ஓடை ஓடியிருக்கலாம்.

இன்னொரு நல்ல கருவி, ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் வெளியிட்டிருக்கும் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர். 1984 முதல் லாண்ட்சாட் என்ற செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை எல்லாம் சேர்த்து, உலகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்று நிறம் போட்டுக் காட்டும். உங்கள் மனை மேல் அந்த நிறம் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது. இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம்: ஒரு லாண்ட்சாட் ஒரே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும், அதுவும் மேகம் இருந்தால் தரை தெரியாது. இரண்டே நாள் நின்று வடிந்த வெள்ளம் இதில் பதிவாகாமலே போயிருக்கும்.

தெருப்பெயரையும் பாருங்கள். குளம், ஓடை, பள்ளம், மடு என்று பெயரில் இருந்தால் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

படி 3: அரசின் வெள்ள வரைபடம், அதில் வரும் "நூறாண்டு வெள்ளம்"

பல நாடுகளில் அரசே வெள்ள அபாய வரைபடம் வெளியிடுகிறது, உங்கள் பகுதிக்கு இருந்தால் கட்டாயம் பாருங்கள். அதில் வரும் நூறாண்டு வெள்ளம் என்ற சொல்தான் ஆளைக் குழப்பும். நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், போன தடவை வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில்தான் என்று அர்த்தம் இல்லை. எந்த ஒரு வருஷத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். அடுத்தடுத்த வருஷமும் வரலாம். 30 வருஷக் கடன் போட்டு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாலில் ஒன்றுக்கும் மேல். இதே அளவு அபாயத்தோடு யாராவது உங்களை வண்டியில் ஏறச் சொன்னால் ஏறுவீர்களா?

இன்னொன்று, இந்த வரைபடங்களில் பல ஆற்று வெள்ளத்தையும் கடல் வெள்ளத்தையும் மட்டுமே கணக்கில் எடுத்திருக்கும், தெருவில் தேங்கும் மழைநீர் அதில் இருக்காது. எது சேர்ந்திருக்கிறது என்று குறிப்பில் படித்துவிடுங்கள்.

படி 4: மழை பெய்யும்போது போங்கள்

நல்ல மழை ஒரு மணி நேரம் பெய்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டைவிட முக்கியம், அந்த வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் வழி. வீடு மேட்டில் இருந்து வழியில் சுரங்கப்பாதையோ தாழ்ந்த பாலமோ இருந்தால் அந்தத் தெரு தீவாகிவிடும். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரிய ஆளை நிலைதடுமாற வைக்கும், ஓரடி இருந்தால் சின்னக் காரை இழுத்துக்கொண்டு போகும். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் எந்த வழி என்று யோசியுங்கள்.

படி 5: லெவல் டியூப்

இந்தப் பதிவில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய், பத்துப் பதினைந்து மீட்டர் இருந்தால் போதும். ஒரு முனையில் மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள், நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். நிரப்பியதும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் சரி.

இப்போது ஒருவர் ரோட்டின் நடுவில், வீட்டுக்கு நேரே, ஒரு நீள அளவுகோலோடு நிற்க வேண்டும். இன்னொருவர் வாசற்படியில். இடம் மாறும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க முனைகளைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளலாம், ஆனால் அளக்கும்போது இருவருமே விரலை எடுத்துவிட வேண்டும். இதை மறந்து நான் ஒரு மத்தியானம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன். ரோட்டிலிருந்து தண்ணீர் மட்டம் 38 அங்குலம், வாசற்படியிலிருந்து 20 அங்குலம் என்றால், வாசற்படி ரோட்டைவிட 18 அங்குலம் உயரம். கழித்தல் கணக்குதான்.

வாசற்படியோடு நிறுத்தாமல் வீட்டுக்குள் இருப்பதிலேயே தாழ்ந்த தரை எது என்று பாருங்கள், பெரும்பாலும் அது குளியலறை. பக்கத்து வீட்டு வாசற்படியையும் முடிந்தால் அளந்துவிடுங்கள். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் மண்ணடித்து உயர்த்திக் கட்டி, நீங்கள் மட்டும் பழைய மட்டத்தில் இருந்தால் அவர்கள் வாசல் தண்ணீரும் உங்களுக்குத்தான்.

படி 6: சுவரைப் படிப்பது

நான் கிட்டத்தட்ட முன்பணம் கொடுக்கப் போன ஒரு வீடு. புதுச் சாயம், பளிச்சென்று இருந்தது. பிளக் பாயிண்டுகள் எல்லாம் ஆள் தோள் உயரத்தில் இருப்பதைப் பார்த்து "குழந்தைகள் கை வைக்காமல் இருக்கட்டும் என்று" என்றார் விற்பவர். நியாயமாகத்தான் பட்டது. திரும்பும்போது மாடிப்படிக்கு அடியில் செருப்பு வைக்கும் மூலையில் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். அங்கே சாயக்காரர் கை எட்டவில்லை. முழங்காலுக்கு மேலே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே காய்ந்த சேறு பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

குழாய்க் கசிவும் கூரை ஒழுகலும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். வெள்ளத்தின் கோடு எல்லா அறையிலும் ஒரே உயரத்தில், நேராகப் போகும். அதைத் தேட வேண்டிய இடங்கள்: மீட்டர் பெட்டிக்கு உட்புறம், சுவரில் பதித்த அலமாரியின் பின்பக்கம், மரக் கதவின் அடிப்பகுதி, ஜன்னல் கம்பியின் கீழ்த் துரு, மதில் சுவரின் வெளிப்பக்கம். மதிலுக்கு வெளியே பெரும்பாலும் யாரும் புதுச் சாயம் அடிப்பதில்லை. முள்வேலியில் மாட்டிய பழைய பிளாஸ்டிக் குப்பை எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதும் ஒரு சாட்சி.

படி 7: கேட்கிற விதம்

"இங்கே தண்ணீர் வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராதுங்க" என்ற பதில்தான் வரும். தெருக்காரர்களுக்கும் தங்கள் வீட்டு மதிப்பு குறையக் கூடாது. நடந்ததைக் கேளுங்கள்: "அண்ணே, பெரிய மழை வந்தப்போ வண்டியை எங்கே நிறுத்தினீங்க?" ஒருவர் யோசிக்காமல் மேம்பாலத்தைக் கை காட்டினார், எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. வயதானவர்களிடம் "பாட்டி, அந்தத் தடவை எத்தனை படி ஏறிச்சு?" என்று கேளுங்கள், ஏறியிருந்தால் படி எண்ணிக்கையோடு சொல்வார்கள். மோட்டார் பழுது பார்ப்பவர்கள், அடுக்குமாடிக் காவலாளிகள், இவர்களுக்கு எந்த வீட்டு மோட்டார் மூழ்கியது என்பது அத்துப்படி.

படி 8: கழிவுநீர், அடுக்குமாடி

குளியலறைத் தரை, வெளியே தெருவில் இருக்கும் மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், பிரதான குழாய் நிரம்பும்போது சாக்கடை முதலில் உங்கள் குளியலறையில்தான் வெளிவரும், அப்புறம்தான் தெருவில். இதற்கு, தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே போக விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது, குப்பை மாட்டினால் சரியாக மூடவும் செய்யாது.

அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி வாங்குகிறவர்கள் "நமக்கு எங்கே வெள்ளம்" என்பார்கள். மின் பலகை, ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் மூன்றும் தரைக்குக் கீழே இருந்தால் வெள்ளத்தில் உங்களுக்கு விளக்கு இல்லை, லிஃப்ட் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று நேரில் இறங்கிப் பாருங்கள். கீழ்த்தள வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவின் தொடக்கத்தில் ரோட்டைவிட உயரமாக ஒரு திமில் இருக்க வேண்டும், டியூபோடு போனால் அதையும் அளந்துவிடலாம்.

படி 9: எழுத்தில் வாங்குவது

இந்த வீட்டுக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததா, காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டார்களா, இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் "இல்லவே இல்லை" என்றவர் எழுதித் தரச் சொன்னதும் இழுத்தால் அதுவே பதில். காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த முகவரிக்கு வெள்ளத்தையும் சேர்த்து விலைப்புள்ளி கேட்டுப் பாருங்கள், பக்கத்துப் பகுதியைவிட ஏகத்துக்கு அதிகம் என்றால் அவர்கள் கையில் ஏதோ கணக்கு இருக்கிறது.

இத்தனையும் பார்த்தபின் ஒரு குறையும் இல்லாத வீடு கிடைக்காமல் போகலாம். தெருவில் நின்று சில மணி நேரத்தில் வடிகிற தண்ணீரோடு வாழ்ந்துவிடலாம் என்பது என் கட்சி. உள்ளே ஏறிய கோடு இருந்தாலோ, வெளியேறும் வழி ஒன்றே ஒன்றாக இருந்து அதுவும் மூழ்குவதாக இருந்தாலோ, விலையை எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கடைசியில் நான் வாங்கிய வீட்டின் வாசற்படி ரோட்டைவிட 26 அங்குலம் உயரம். போன மாதம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுவிட்டுப் போனார்கள். பரண்மேல் இருந்த டியூபை இறக்கி மறுபடி அளந்தேன். 22.