காரில்லாத வீட்டுப் பிள்ளை: தேக்காவிலிருந்து நூலகம் வரை

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான 10 ஆண்டு சிஓஇ சான்றிதழின் ஏலவிலை, 2023இல் சிறிய கார்களுக்கே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டியது. கார் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது இங்கே அதிசயமல்ல. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தேக்கா பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தை, கடை, ரயில் மூன்றும் காலடியில். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்தே கூட்டிப்போகும் வீடுகள் நிறைய. பிள்ளைக்கு வழி தெரியாது என்பதல்ல காரணம். வழி தவறினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் தவறைப் பழக்குங்கள், பிறகு வழியை.

தொடக்கம் மின்தூக்கியில்தான். கீழே இருக்கும் அஞ்சல்பெட்டியின் சாவி, ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குச் சரியான முதல் பொறுப்பு. சில நாள் சேர்ந்து போய்வாருங்கள். பிறகு நீங்கள் கீழே நின்றுகொண்டு பிள்ளையைத் தனியாக இறங்கச் சொல்லுங்கள். அதுவும் பழகியதும் வீட்டு வாசலிலேயே நின்றுவிடலாம். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: நடுவில் வேறு யாரோ பொத்தானை அழுத்தி மின்தூக்கி நிற்கும், கதவு திறந்ததுமே பிள்ளை வெளியே போய்விடும். “கதவைப் பார்க்காதே, எண்ணைப் பார்” என்று சொல்லிப் பழக்குங்கள். பாதியில் நின்றுவிட்டால் மணிப் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், கதவை இழுக்கக் கூடாது.

இந்தக் கட்டத்திலேயே முகவரி மனப்பாடமாகட்டும்: புளோக் எண், தளம், வீட்டு எண், அஞ்சல் குறியீடு. வீவக புளோக்குகளில் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். பஃபலோ ரோடு 665ஆம் புளோக்கில் உள்ள தேக்கா நிலையத்துக்கு 210665. இதைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. அம்மா அல்லது அப்பாவின் எண்ணையும் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். கைப்பேசியில் சேமித்த எண் பேட்டரி தீர்ந்தால் உதவாது. அதே எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வைப்பது மலிவான காப்பீடு.

அடுத்து கடை. ஒரே பொருள், விலை தெரிந்த பொருள்: ஒரு கட்டு கொத்தமல்லி போதும். சரியான சில்லறை கொடுத்தனுப்பாமல் ஒரு 5 வெள்ளித் தாளைக் கொடுங்கள். மீதியை எண்ணி வாங்குவதுதான் பாடம். ஈரச்சந்தையில் மீன் கடைப் பக்கம் தரை வழுக்கும், அங்கே ஓடக்கூடாது, செருப்பும் பிடிப்புள்ளதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பெரியவர்களே திணறுவார்கள்.

சாலை விளக்கில் பச்சை மனிதன் உருவம் எரிந்தால் கடக்கலாம் என்பது பாதி உண்மை. அவன் எரியும்போதே முனையில் திரும்பும் வண்டிகள் குறுக்கே வரக்கூடும். குட்டைப் பிள்ளை வேன் ஓட்டுநரின் கண்ணில் படாமல் போவது இந்த இடத்தில்தான். பச்சை வந்ததும் ஒரு மூச்சு பொறுத்து, திரும்பும் வண்டி நின்றுவிட்டதா என்று பார்த்து, பிறகு காலை எடுத்து வைக்க வேண்டும். விளக்கில் மீதி நொடிகளைக் காட்டும் எண் குறைந்துகொண்டிருக்கும்போது புதிதாகச் சாலையில் இறங்கக் கூடாது.

இனி ரயில். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா வழித்தடமும் (நிலைய எண் என்இ7) நீல வழித்தடமும் (டிடி12) சந்திக்கின்றன. பூகிஸ் பக்கம் விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் மத்தியப் பொது நூலகத்துக்கு நீலத்தில் இரண்டே நிறுத்தம்: டிடி13 ரோச்சோர், டிடி14 பூகிஸ். எட்டு வயதை ஒட்டிய பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பயணம் கிடைக்காது. கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்துத் திசை பிடிக்கப் பழக்காதீர்கள், வழித்தடம் நீண்டால் அந்தப் பெயரும் மாறிவிடும். “போகும்போது எண் ஏறும், வரும்போது எண் இறங்கும்” என்பது போதும்.

ஐந்து பயணம் ஒதுக்குங்கள். முதல் முறை நீங்கள் வழிகாட்டி. இரண்டாவதில் பிள்ளை வழிகாட்டி, நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எதிர்த்திசை ரயிலில் ஏறினாலும் பேசாமல் கூடவே ஏறுங்கள். டிடி11 நியூட்டன் வந்ததும் எண் இறங்கியிருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும், கட்டண வாசலைத் தாண்டாமலே திரும்பிவிடலாம். இந்தத் தவறு தானாக நடக்காவிட்டால் ஒருமுறை வேண்டுமென்றே நடத்திப் பாருங்கள். மூன்றாவதில் அதே ரயிலில் வேறு பெட்டியில் இருங்கள். நீலத்தில் மூன்றே பெட்டி என்பதால் கண்ணில் வைத்துக்கொள்வது எளிது. நான்காவதில் நூலக வாசலில் காத்திருங்கள். ஐந்தாவதில் வீட்டில். இரண்டாவதையும் மூன்றாவதையும் தாவும் பெற்றோர்தான் பிற்பாடு பதறுகிறார்கள்.

பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதை முதல் பயணத்துக்கு முன்பே ஒத்திகை பாருங்கள். பிள்ளை ரயிலில், நீங்கள் மேடையில் என்றால், பிள்ளை அடுத்த நிலையத்தில் இறங்கி அதே மேடையிலேயே நிற்கும். நீங்கள் அடுத்த ரயிலில் போய்ச் சேர்வீர்கள். பிள்ளை மேடையில் விடுபட்டால் அங்கேயே நிற்கும், நீங்கள் திரும்பி வருவீர்கள். இருவரும் ஒருவரையொருவர் தேடி நகர்ந்தால் காரியம் கெட்டது. கதவு மூடும் ஒலி கேட்டபின் ஓடி ஏறக்கூடாது என்று பழக்கியிருந்தால் இந்தப் பிரிவே அநேகமாக நேராது.

வேறெது நடந்தாலும், பயண அட்டை தொலைந்தாலும், யாராவது தொந்தரவு கொடுத்தாலும், கட்டண வாசல் அருகே இருக்கும் பயணிகள் சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். வழிப்போக்கரிடம் கேட்பதைவிட அதுவே நல்லது. நிலையத்தை விட்டு எந்த எழுத்திட்ட வாசல் வழியே வெளியேற வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தவறான வாசலில் ஏறினால் சாலையின் மறுபுறம் போய் நிற்க நேரும்.

அட்டை விஷயம் சுருக்கமாக: 7 வயதுக்குக் கீழ் இலவசப் பயணத்துக்கான சலுகை அட்டை உண்டு. தொடக்கப்பள்ளியில் சேர்ந்ததும் பள்ளி அட்டையே பயண அட்டை. ரயிலில் தண்ணீர் குடிப்பதும் விதிமீறல்தான், கிளம்புமுன் குடிக்க வையுங்கள்.

பேருந்தை ரயிலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கடினம். ஒரே எண் இரு திசையிலும் ஓடும். எண்ணை மட்டும் பார்த்து எதிர்ப்பக்கத்தில் ஏறுவது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி ஐந்திலக்கக் குறியீடு இருக்கிறது. வீட்டுப் பக்க நிறுத்தம், பள்ளிப் பக்க நிறுத்தம் இரண்டின் குறியீட்டையும் பையில் வைத்த தாளின் பின்புறம் எழுதிவிடுங்கள். தொடக்கத்தில் இரட்டை மாடிப் பேருந்தின் மேல்மாடியில் ஏற வேண்டாம். மணி அடித்துவிட்டு இறங்கி வருவதற்குள் நிறுத்தம் போய்விடும். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் கூடுதல் கட்டணம் பிடிக்கும். ஒருமுறை பிடித்தால் பிறகு மறப்பதில்லை.

தனியாக அனுப்பும் நாளில் திரும்பும் நேரத்தோடு 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் நிற்கட்டும், இடி இடிக்கும்போது குடையோடு நடக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருங்கள். அந்த 20 நிமிடமும் கடந்தால் ஒருவர் வீட்டிலேயே இருக்க, மற்றவர் பூகிஸ் சேவை நிலையத்துக்குப் போகட்டும். வீட்டில் ஒருவரே இருந்தால், வாசல் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளை வேறு வழியில் வந்து பூட்டிய கதவின் முன் நிற்கலாம்.