இந்தோனேசியாவா, மலேசியாவா? ப்ளைவுட் ஏற்றுமதியை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

ப்ளைவுட் ஏற்றுமதியில் இந்த இரண்டு நாடுகளில் யார் பெரிய ஆள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பாதிச் சண்டை எதை வைத்து அளந்தார்கள் என்பதில்தான்.

முதல் தவறு, கன மீட்டரை விட்டுவிட்டு எடையை எடுத்துக்கொள்வது. ஐ.நா.வின் பன்னாட்டு வர்த்தகத் தரவுத்தளமான காம்ட்ரேட்டில் டாலர் மதிப்பும் கிலோவில் நிகர எடையும் இருக்கும், கன மீட்டர் சில வரிகளில் காலியாகக் கிடக்கும், சரி எடையே போதும் என்று கூட்டிவிடுகிறார்கள். ஜாவாவில் விவசாயிகள் வளர்க்கும் செங்கோன் மரம் ஒரு கன மீட்டர் 300 கிலோவை ஒட்டித்தான் இருக்கும்; மலேசியாவின் சரவாக் மாநில ஆலைகள் நம்பியிருந்த மெராந்தி மர வகைகள் பலவும் 500, 600 கிலோ. எடையில் ஒப்பிட்டால் செங்கோனை நடுவில் வைத்து அடுக்கும் இந்தோனேசியப் பலகை இளைத்துத் தெரியும், அதே கொள்ளளவு கப்பலில் ஏறியிருந்தாலும். எல்லாவற்றையும் ஒரே அடர்த்தியால் வகுத்துக் கன மீட்டராக்குவதும் இதே தவறுதான், கொஞ்சம் படித்தவர் செய்வது.

ஷீட் எண்ணிக்கை இன்னும் ஆபத்து. எட்டுக்கு நாலு அடி ஷீட் 2.7 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 124 வரும், 18 மில்லிமீட்டர் என்றால் 19-கூடத் தேறாது. போதாக்குறைக்கு ஜப்பானுக்குப் போவதில் கணிசமான பகுதி ஆறுக்கு மூணு அடி அளவு, கான்கிரீட் ஷட்டரிங்குக்கான 12 மில்லிமீட்டர் பலகை.

அப்புறம் சுங்கக் குறியீடு. 4412 என்று போட்டால் ப்ளைவுட் மட்டும் வராது, பிளாக்போர்டும் (நடுவில் மரச் சட்டங்கள் வைத்த பலகை) எல்விஎல்லும் (மெல்லிய மரத் தகடுகளை ஒரே திசையில் ஒட்டிய பலகை) சேர்ந்தே வரும். 2017-இல் 4412.32 என்ற பிரிவை 33, 34 என்று உடைத்தார்கள், 2022-இல் எல்விஎல்லுக்குத் தனி எண் கொடுத்து, பிளாக்போர்டின் எண்ணையும் மாற்றினார்கள். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு வரைபடம் போட்டால் ஏற்றுமதி திடீரென்று செத்துப்போன மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் தேடிக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிடாதீர்கள்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இந்தோனேசியா 1985-இல் உருட்டு மர ஏற்றுமதியை முழுதாகத் தடை செய்து, உள்ளூரிலேயே ப்ளைவுட் ஆலைகளைப் பெருக்கி, 1990-களின் தொடக்கத்தில் உலகச் சந்தையையே கையில் வைத்திருந்தது. ஏற்றுமதியை ஆட்டிவைத்த அப்கிண்டோ என்ற ப்ளைவுட் ஆலைகள் கூட்டமைப்பின் பிடி 1998 ஆசிய நிதி நெருக்கடியில் ஐஎம்எஃப் (பன்னாட்டு நிதியம்) நிபந்தனையால் தளர்ந்தது. 2000-களின் நடுவில் மலேசியா முந்திக்கொண்டது. 1992-ஐ அடிப்படையாக வைத்தால் ஒரு கதை, 2005-ஐ வைத்தால் நேர் எதிர்க் கதை. எனக்குத் தோன்றுவது, ஒரே ஒரு ஆண்டை எடுத்துப் பேசுபவரிடம் ஏன் அந்த ஆண்டு என்று கேட்டுவிட வேண்டும்.

மலேசிய எண்ணில் இன்னொரு சிக்கல்: சரவாக் தனக்கென்று தனிக் கணக்கு வெளியிடுகிறது. மலேசிய ப்ளைவுட் ஏற்றுமதியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது என்பதால் அந்த எண்ணையே நாட்டின் எண்ணாக ஒட்டிவிடுகிறார்கள், சபா மாநிலமும் தீபகற்ப மலேசியாவும் விட்டுப்போகின்றன.

இரண்டு நாடுகளின் சொந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் வாங்கும் நாட்டின் இறக்குமதிக் கணக்கைத் திறந்து பாருங்கள், அங்கே இரண்டு பேருக்கும் அளவுகோல் ஒன்றுதான். டிசம்பரில் கிளம்பிய கப்பல் அங்கே அடுத்த ஆண்டில் பதிவாகியிருக்கலாம், அதைக் கணக்கில் வையுங்கள்; இறக்குமதி மதிப்பில் பெரும்பாலும் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும், அதனால் கன மீட்டரை மட்டும் எடுங்கள்.